விண்ணப்பத்தில் இரண்டாவது வரி

கென்டக்கி,
பிப்ரவரி 20

அன்பு மகன் லானிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். ஓரிகனில் நீயும் நலமாயிருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால்தான் மக்கர், வாய் நன்றாகவே வேலை செய்கிறது.

போன வருடம் புகையிலையை விட்டுவிட்டு ஹெம்ப் விதைத்தேன். கஞ்சாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, ஆனால் போதை ஏறாது. சிரிக்காதே. எல்லாம் சட்டப்படி: உரிமம் வாங்கி, வயலை வரைபடத்தில் காட்டி, அறுப்புக்கு முன்னால் சோதனையும் உண்டு. போதைச்சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பயிரையே அழித்துவிட வேண்டும்.

தாண்டிவிட்டது. புகையிலைக்காரன் புத்தி, இலை இன்னும் பழுக்கட்டும் என்று அறுப்பு நாளை இரண்டு வாரம் தள்ளிவிட்டேன். சோதனைக்கு வந்த பெண் நுனிகளை வெட்டிக்கொண்டு போனாள், 0.5 வந்தது. "பழுக்கப் பழுக்கச் சத்து ஏறும் ஐயா. இதுகூடத் தெரியாமலா விதைச்சீங்க?" என்று கேட்டாள். பன்னிரண்டு ஏக்கரையும் நானே உழுது மண்ணோடு மண்ணாக்கினேன். டிராக்டரில் உட்கார்ந்து அழுதேன், லானி.

அன்றைக்கு அம்மா சொன்னாள்: "இந்தச் செடியப் பத்தி நம்ம வீட்ல ஒருத்தனுக்குத்தான் எல்லாம் தெரியும். அவனத்தான் நீங்க பிடிச்சுக் குடுத்துட்டீங்களே."

உண்மைதான். சோளத்துக்கு நடுவே நீ வளர்த்த நாற்பது கஞ்சாச் செடிகளை ஷெரிப்பிடம் காட்டிக் கொடுத்தவன் நான்தான். அப்போது சட்டம் என் பக்கம் இருந்ததே போதும் என்று நினைத்தேன். போதவில்லை.

போதைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் பெயரைப் பத்து வருடத்துக்கு உரிமத்தில் சேர்க்க முடியாதாம். அலுவலகத்தில் நேரிலேயே போய்க் கேட்டேன். மார்ச் மூன்றாம் தேதியோடு உனக்குப் பத்து வருடம் முடிகிறது. இந்த வருட உரிம விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பதினைந்து. நடுவில் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கையெழுத்துப் போட நீ வர வேண்டும்.

கொட்டகைக் கூரையை மாற்றிவிட்டேன். உன் அறையில் அம்மா தையல் சாமானைப் பரப்பியிருந்தாள், நான் சொல்லாமலே எடுத்துவிட்டாள். எப்போது அறுக்க வேண்டும் என்று இனி நீ சொல். நான் வாயைத் திறக்க மாட்டேன், திறந்தால் அடைக்க அம்மா இருக்கிறாள்.

படிவத்தில் என் பெயருக்குக் கீழே உன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நீ வராவிட்டாலும் அதை அழிக்க மாட்டேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாக வழிநடத்தட்டும். வந்துவிடு மகனே.

உன் அப்பா,
ஆர்விட் டாக்கெட்