நந்தி இல்லை, நீங்கள் சொன்னதுதான்

அன்புள்ள என்னங்க,

காகிதத்திலாவது உங்கள் பெயரை எழுதலாமென்று பார்த்தேன், கை வரவில்லை. முப்பது வருஷம் கூப்பிட்டபடியே எழுதிவிட்டேன். நல்ல சேதி இருக்கிறது, உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்.

பூந்தமல்லி பழைய இரும்புக் கடையிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்தீர்களே, அதைப் பற்றித்தான். ஒரு முழம் தேக்குப் பலகை, ஓரமெல்லாம் கொடி செதுக்கியது. அதன் ஒரு முனையில் இரும்பில் மாட்டுத் தலை, முன்னால் நீண்ட இரண்டு கொம்பு. அடியில் ஒரு கட்டை அடித்திருந்ததால் தலையைத் தூக்கிக்கொண்டு சாய்வாக நிற்கும். நான் பார்த்ததுமே நந்தி என்று சொல்லி, கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து சாமி அலமாரியில் ஏற்றிவிட்டேன்.

ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர் நீங்கள். எதையும் தேய்ந்த இடத்தைப் பார்த்துத்தான் பேசுவீர்கள். "கொம்புக்கு உள்பக்கம் மட்டும் ஏன் வழவழன்னு கீது? பலகை நடுவுல பாதம் அகலத்துக்குப் பள்ளம் பாரு. இது காலால வேலை செய்ற சாமான், தேவி" என்றீர்கள். கால் என்றதுமே நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஒரே ஒரு தடவை வைத்துப் பார்க்கிறேன் என்று காலைத் தூக்கினீர்கள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அப்புறம் நீங்கள் அதைத் தொடவே இல்லை. கோபமா, எனக்காக விட்டுக்கொடுத்தீர்களா? உயிரோடு இருக்கும்போதே கேட்டிருக்கலாம்.

அம்பத்தூரிலிருந்து என் அண்ணன் வரும்போதெல்லாம், "இன்னா மாப்ளே, நந்தி மேல ஏறி நின்னாச்சா?" என்று உங்களைக் கிண்டல் செய்வார். உங்கள் காரியத்துக்கு வந்த இடத்திலும் அதையே சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தச் சிரிப்பை ஆரம்பித்து வைத்ததே நான்தானே?

போன மாதம் அவர்தான் கேட்டார். சேக்காட்டில் நம் தெருமுனைக் கோயிலில் சிவனுக்குச் சன்னிதி கட்டியிருக்கிறார்கள், கல் நந்தி வரும்வரை இது இருக்கட்டும், வருகிற வெள்ளிக்கிழமை வைத்துவிடலாம் என்று. நானும் தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. கோயிலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யார் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள்? நீங்கள் உளறினீர்கள் என்பதே கடைசிப் பேச்சாக நின்றுவிடாதா?

அந்த வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை, நல்ல மழை. அண்ணன் அதை எடுத்துப்போக வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் செந்திலுக்கு மெட்ரோ கட்டுகிற இடத்தில் வேலை. முழங்கால்வரை கம்பூட்ஸ், அதன் மேல் சேறு, அப்படியே வந்து படியில் உட்கார்ந்து இழுக்கிறான். வரவில்லை. கடைசியில் எழுந்து, நம் கேட்டின் இரண்டு கம்பிக்கு நடுவில் குதிகாலைக் கொடுத்து ஓர் இழுப்பு இழுத்தான். ஒரு பூட்ஸ் கழன்று வந்தது.

எனக்குச் சட்டென்று உறைத்தது. உள்ளே ஓடினேன்.

"இன்னா தேவி, நந்திய தூக்கிகினு எங்க ஓடுற?" என்றார் அண்ணன்.

"இன்னொரு கால் பாக்கி கீதுண்ணா" என்று சொல்லி, அதைச் செந்தில் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். "ஒரு காலால பலகைய மிதிச்சுக்கோ. கொம்பு நடுவுல பூட்ஸ் குதிகால குடுத்து இழுப்பா."

"ஆன்ட்டி, குங்குமம்லாம் வச்சிருக்கீங்க! சாமி கண்ணக் குத்திடும்."

"குத்துனா என் கண்ணக் குத்தட்டும். வை."

வைத்தான். அளவெடுத்துச் செய்ததுபோல் கொம்பு குதிகாலைப் பிடித்துக்கொண்டது. ஒரே இழுப்புதான், கால் வெளியே வந்துவிட்டது, பூட்ஸ் அங்கேயே நின்றது. நான் கைதட்டினேன், வாசலில், கொட்டுகிற மழையில், இந்த வயதில்!

நம் மகள் மாலா போனில் தேடி எங்கிருந்தெல்லாமோ படம் அனுப்பினாள். குதிரை ஏறும் துரைமார்கள் குனியாமல், கையில் அழுக்குப் படாமல் பூட்ஸ் கழற்ற வைத்திருந்த பலகையாம். அதே சாய்வு, அதே கொம்பு. சாணி மிதித்த பூட்ஸைக் கழற்றும் சாமானுக்குப் பதினாறு வருஷம் கற்பூரம் காட்டியிருக்கிறேன், பாருங்கள். நீங்கள் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்கள்.

அண்ணனை நான் லேசில் விடவில்லை. கோயில்காரர்களுக்கு அவரையே போன் செய்யவைத்தேன். "அது நந்தி இல்லீங்க. எங்க மாப்ள அன்னிக்கே சொன்னாரு, நாங்கதான் கேக்கல" என்றார். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார்.

ஆனாலும் நீங்கள் கேட்டது ஒரே ஒரு தடவை கால் வைத்துப் பார்க்க. அதைக்கூட நான் விடவில்லை. மன்னித்துவிடுங்கள்.

வருகிற ஆயுத பூஜைக்கு அது உங்கள் ஸ்பேனர், அரத்தோடு கருவியாக உட்காரும், பொட்டும் உண்டு. அதற்கு முன்னால் உங்கள் ஃபேக்டரி ஷூவை நான் காலில் மாட்டிக்கொண்டு, அந்தக் கொம்பில் கொடுத்துக் கழற்றுவேன். சத்தியம். அந்த ஒரு தடவை உங்களுடையது.

கடைசியில் உங்கள் பேச்சைக் கேட்ட,
உங்கள் மனைவி
தேவி