காவில் இருந்த சீனக் குவளை

செப்டம்பர் 29

இதை யாரும் நம்பப்போவதில்லை. இருந்தாலும் செங்கல் என்கிற எங்கள் ஊருக்கு மாமன்னரும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டருமான சதாசிவனாகிய நான் சத்தியமாக எழுதுகிறேன்: எங்கள் வீட்டுத் தோப்பில் நாகம் கும்பிடும் சர்ப்பக்காவில் சிலைக்குப் பதிலாக இருக்கும் வெள்ளிக் குவளை, சீனச் சக்கரவர்த்தி என் பாட்டனாருக்குக் கொடுத்தது. சக்கரவர்த்தியின் தீராத விக்கலைப் பாட்டனார் ஒரே அதட்டலில் நிறுத்தினார். கைப்பிடியாக வளைந்து கிடக்கும் பாம்புக்குக் கால் உண்டு. அது பாறசாலை வரை நடந்து போய், டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் திரும்பும்.

தங்கச்சி மகன் சஜிக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் சோறு ஊட்டினேன். இன்று அவனுக்கே நரை. சாப்பிடும்போது கேட்கிறான்: "மாமா, அது சீனாச் சாமானுண்ணு வல்ல தெளிவும் உண்டா? இல்ல, சும்மா அடிச்சு விடுதியளா?"

முட்டு வலி. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே.

அக்டோபர் 2

தெளிவு, அதாவது ஆதாரம் தேடிக் குவளையைக் கழுவினேன். அம்மா காலத்திலிருந்து நாகபூஜை நாளான ஒவ்வொரு ஆயில்யத்துக்கும் அரைத்த மஞ்சளைப் பூசிப் பூசி அது கல்லாகியிருந்தது. வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பிரஷால் தேய்த்தேன். அடியில் இரண்டு இங்கிலீஷ் எழுத்தும், பக்கத்தில் ஒரு சீன எழுத்தும்!

பிறகு கைப்பிடி.

நாலு கால்.

அந்தக் காலை நானல்லவா உண்டாக்கினேன்? சஜி ஒரு வாய் சோறு கூடுதலாகத் தின்னட்டும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அது எப்படி இங்கே வந்து ஒட்டியது?

அக்டோபர் 3

போனில் தேடி, அதே இரண்டு எழுத்தை ஒரு பக்கத்தில் பிடித்துவிட்டேன். சக்கரவர்த்தியின் சொந்தத் தட்டான் என்று தீர்ப்பும் எழுதிவிட்டேன். மேல்முறையீடு கிடையாது.

அக்டோபர் 8

மேல்முறையீடு உண்டு. நெய்யாற்றின்கரையில் ஜேனட் டீச்சர் என்று ஒரு அம்மா, இந்த மாதிரிச் சீன வெள்ளி சேர்க்கிறவர். உதியன்குளங்கரையிலிருந்து நின்றுகொண்டே போனேன். ஆயுசு முழுக்க பஸ்ஸில் நின்றவனுக்கு இன்றும் சீட் இல்லை.

டீச்சர் வீட்டில் அலமாரி நிறைய வெள்ளிச் சாமான் முத்திரைகளின் புத்தகம், பழைய ஏலக் கம்பெனிகளின் படப் புத்தகம், மியூசியங்களிலிருந்து அச்செடுத்த தாள். லென்ஸை வைத்துக் குவளையைக் குனிந்து பார்த்தார்.

"சேட்டா, இந்த ரெண்டு எழுத்து கடைக்காரனுக்க பேராக்கும். செய்தவனுக்க அடையாளம் இந்தச் சீன எழுத்து. ரெண்டையும் சேத்துப் பாக்கணும். ஒரே எழுத்து பல கடைக்கும் உண்டு."

"புத்தகத்தில போட்டா சரிதானே டீச்சரே?"

"ஒருத்தன் தப்பா எழுதிப்போட்டா, பொறவு வாறவனெல்லாம் அதப் பாத்துத்தான் எழுதுவான். அதுக்குத்தான் நாலு எடத்தில ஒத்துப் பாக்கியது."

ஒத்துப் பார்த்தார். ஒரு புத்தகம் கடை காண்டனில் என்றது, இன்னொன்று ஹாங்காங் என்றது. சக்கரவர்த்தி எதிலும் இல்லை. கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களுக்கு விற்கச் செய்ததாம். நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல எந்தப் புத்தகமும் கிடையாதாம். ஒரு ஏலப் புத்தகத்தில் இதே குவளையின் உடன்பிறப்பு. சீன எழுத்தும் அதே. அந்தப் படத்தைப் போனில் எடுத்துத் தந்தார். "இது பாம்பில்ல சேட்டா, டிராகன். இனி தேய்ச்சுக் கழுவாதீங்கோ."

அக்டோபர் 9

வாய் சும்மா இருந்ததா? தங்கச்சி ஸ்ரீகுமாரியிடம் வெற்றிமுரசு கொட்டினேன்.

"அப்ப இது பாம்பில்லியா?"

"டிராகனாக்கும்! சீனத்து—"

"பாம்பில்லாத்த ஒண்ணுக்கா நான் இத்தற வருசம் அரிசிமாவும் மஞ்சளும் கலக்கி நூறும் பாலும் குடுத்தேன்?" முகம் வெளுத்துவிட்டது. "ஆயில்யத்துக்கு முன்ன பாறசாலைத் தட்டாங்கிட்ட குடுத்து உருக்கி, நல்லதா ஒரு நாகம் செய்யணும்."

பாம்பாக இருந்தவரை அதற்கு உயிர் இருந்தது. நான்தான் படித்துப் படித்துக் கொன்றேன்.

அக்டோபர் 14

புத்தகம் சொல்கிறது, மியூசியம் சொல்கிறது, உருக்கினால் போச்சு என்று டீச்சர் சொல்கிறார் — எல்லாவற்றையும் அடுக்கினேன்.

"புத்தகம் சொன்னா சாமி ஆவுமா அண்ணா?"

சஜியும், "விடுங்கோ மாமா, அம்மைக்குப் பேடி" என்கிறான். அந்தப் பயம் நியாயம்தான். அந்தக் குவளை போனால் என் பொய்களையெல்லாம் எங்கே கொண்டு மாட்டுவேன்? களைப்பாக இருக்கிறது. பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

அக்டோபர் 19

ஸ்ரீகுமாரி குவளையைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டாள். நாளைக்குத் தட்டான். கடைசியாக ஏலப் படத்தை அவள் முன்னால் நீட்டினேன். வாதாட அல்ல, வேறு எதுவும் மிச்சமில்லாததால். கண்ணாடியை மாட்டிப் பார்த்தாள்.

"இதில காலில நகம் உண்டே. கூர்ப்பா."

"ஆமா."

"நம்மக்கதில எங்க?"

பையைப் பிரித்து எடுத்தாள். நம்முடையதில் நகம் இல்லை. நாலு பாதமும் கூழாங்கல் மாதிரி வழுவழு.

"அம்மை மஞ்சள் பூசிப் பூசித் தேஞ்சதாக்கும்" என்றேன். "பொறவு நீ."

அவள் பெருவிரலை ஒரு பாதத்தின் மேல் வைத்தாள். தேய்ந்த குழிவில் அது சரியாக உட்கார்ந்தது. எடுக்கவில்லை. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 20

பை ஆணியில் தொங்குகிறது. அவள் பாறசாலைக்குப் போகவில்லை.

அக்டோபர் 26

ஆயில்யம். காவில் விளக்கு வைத்தாயிற்று. குவளை அதன் இடத்தில் இருக்கிறது. ஸ்ரீகுமாரி மஞ்சளை வழித்து வழித்துக் கைப்பிடியில் பூசினாள், கால் நான்கும் மூடும்வரை. "ஆரிட்டயும் பறையாண்டாம் அண்ணா."

"நான் சொன்னா ஆரு நம்புவா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

ஆகவே, சக்கரவர்த்தி பொய். விக்கல் பொய். ஓசிப் பயணம் முழுப் பொய்.

கால் மட்டும் உண்டு.