கொட்டகைக் கதவாகிப்போன பலகை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே பசு, நான், அப்பா மூவரும் நலம், நலத்தின் வரிசையும் அதேதான். நீயும் அங்கே குளிரில் இருமாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் எதைக் கேட்டாலும் நல்லாயிருக்கேம்மா என்ற ஒரே பதில் வருவதால், நினைத்துக்கொள்வது ஒன்றுதான் எனக்கு வழி.

உன் அப்பா இப்போது விளைநிலக் காப்புக் குழுவின் தலைவர், தெரியுமில்லையா. நிலத்துக்காரர்கள் தாங்களாகவே முன்வந்து, இருபத்தைந்து வருஷத்துக்கு வயலை மனை போட மாட்டேன், கட்டடம் கட்ட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால், குழுவின் மூலம் வாய்க்காலைத் தூர்வாரிக் கரை கட்டித் தருகிறார்கள். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை, ஆனால் வாய்க்கால் ஓரமாக ஒரு வயல்கூட விடுபடாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், நடுவில் ஒன்று நழுவினால் மொத்தமும் போச்சு. அப்பா ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய், தொண்டை கட்டும்வரை மண்ணின் பெருமையைப் பேசி, எதற்கும் தலையாட்டாத தையல்காரரைக்கூடத் தலையாட்ட வைத்துவிட்டார். எல்லார் வயலிலும் இது காக்கப்பட்ட விளைநிலம் என்று பச்சைப் பலகை நிற்கிறது. நம் பலகை மட்டும் மாட்டுக்கொட்டகைக்குக் கதவாகச் சாத்தியிருந்தது. ஏன் என்று கேட்டேன், பெயிண்ட் காயட்டும் என்றார். மழைக்காலம் போய் வெயில் வந்து மண் வெடித்துவிட்டது, அந்தப் பெயிண்ட் மட்டும் காயவே இல்லை. நமக்கு அடுத்த வயல்காரி, அதுதான் ஆடு வளர்க்கிறவள், பால் வாங்க வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, ஏன் அண்ணி, எங்க வயலையெல்லாம் காப்பாத்தியாச்சு, உங்க வீட்டுல மாட்டை மட்டும்தான் காப்பாத்துறதா அண்ணன் முடிவு பண்ணிட்டாரா என்று கேட்டாள். நான் பாலை அளப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்துகொண்டேன்.

காரணம் நீதான், பயப்படாதே. அங்கே ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாய், வேணும்னா வயலை வித்துடலாமாம்மா என்று அப்பா கேட்டார், நீ உங்க இஷ்டம்ப்பா என்றாய். அன்றிலிருந்து அந்த இரண்டு வார்த்தைக்குள் உன் இஷ்டம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார். ஊரையெல்லாம் கையெழுத்துப் போட வைத்துவிட்டு நீங்கள் போடாமல் இருக்கலாமா என்றதற்கு, அவங்க பிள்ளைங்க யாரும் கேக்கலடி, என் பிள்ளை வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லலயே என்கிறார். பெரிய சட்ட நுணுக்கம்.

இதை மோப்பம் பிடித்து, மனை போடும் கம்பெனியின் தரகர் ஒருநாள் வந்தார். சார் ஒருத்தர் போடாம இருந்தா போதும் மேடம், கம்பெனிக்கு உள்ள போக ஒரு வழிதான் வேணும், மத்ததெல்லாம் தானா வரும் என்று அவ்வளவு அன்பாகச் சொன்னார். குழுத் தலைவர் தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, மண்ணின் பெருமை எதையும் பேசாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விதைக் கடை வேலையில், முளைப்புப் பார்க்க ஈரத்துணியில் விதைகளைப் பரப்பியபடி யோசித்தேன். வாடகை வீட்டில் நீ படும் பாடு எனக்குத் தெரியாததில்லை. பிள்ளைக்கு ஒரு கதவை அடைக்க எனக்கு என்ன உரிமை என்றும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் கொடுத்தால் நம் வயலோடு போகாது, அந்த ஆட்டுக்காரி வயலுக்கு வருகிற தண்ணீரையும் அவளைக் கேட்காமலே சேர்த்துக் கொடுத்ததாகும். அவள் நம்மை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாள்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நிலம் வாங்கியபோது உன் அப்பா பெருந்தன்மையோடு, மழைக்கு முழுகுகிற வாய்க்கால் ஓரப் பாதியை என் பெயரிலும், மேட்டுப் பாதியைத் தன் பெயரிலும் எழுதினார். எழுதியவரே அதை மறந்துபோய், முழு வயலுக்கும் சேர்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். குழுவுக்கு வேண்டியது வாய்க்கால் ஓரம். திங்கட்கிழமை போய் என் பாதிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, கதவைக் கழற்றிக்கொண்டுபோய் நானே நட்டேன். கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது. யாரைக் கேட்டுப் போட்டே என்றார் அப்பா. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நீங்கள்தானே ஊரெல்லாம் சொன்னீர்கள் என்றேன். சாயங்காலம் பார்த்தால், கம்பியும் கல்லும் எடுத்துப்போய்ப் பலகையை நிமிர்த்திக்கொண்டிருந்தார். கதவில்லாத பசு அவர் பாதியில் மேய்ந்துகொண்டிருந்தது.

கோபம் இருந்தால் என்னிடம் காட்டு, அவரிடம் வேண்டாம். ஆனால் அவருக்குப் போன் பண்ணி, வேண்டும், வேண்டாம் இரண்டில் ஒன்றைச் சொல். தயவுசெய்து உங்க இஷ்டம் என்று மட்டும் சொல்லாதே, இன்னொரு வருஷம் பெயிண்ட் காய என்னால் காத்திருக்க முடியாது. என் நகை இருக்கிறது, வீட்டுக்கு அதை எடுத்துக்கொள், நான் போட்டுக்கொண்டு போகும் இடம் விதைக் கடைதான்.

இருமலை அலட்சியம் பண்ணாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நினைத்தது நடந்து, சொந்தக் கூரையின் கீழ் நிம்மதியாக இருக்க என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அப்பாவின் மேட்டுப் பாதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அவர் இஷ்டம், உன் இஷ்டம். அதற்குப் போகிற வழி என் பாதியில். மாட்டுக்கும் டிராக்டருக்கும் எப்போதும் விடுவேன், லாரிக்கு விட மாட்டேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா