அப்பா கோட்டை விட்ட கதை

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் சைக்கிளை இன்னும் முழுசாக உடைக்காத தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சைக்கிள் பாதி நலம். போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நீ கிளம்பும் முன் பார்த்த இந்திப் படம் ஞாபகம் இருக்கா? சேல்ஸ்மேன் ஹீரோ, சரக்கின் குறையை வாங்க வந்தவரிடமே சொல்வான். வேலை போகும். ஒரு பாட்டு முடிவதற்குள் சொந்தக் கடை திறப்பான். நீ கைதட்டினாய். அப்பா மட்டும், "அவனுக்கு டைரக்டர் இருக்கார், எனக்கு முதலாளிதான் இருக்கார்" என்று டிவியை அணைத்தார்.

இப்போது அப்பா கடையில் புது மழைக்கோட்டு. வாசல் கண்ணாடியில் ஒட்டெழுத்தில் "தண்ணீர் புகாது" என்று பெரிசாக இருந்தது. தோள் தையலில் அருவியே புகும் என்று வீட்டில் புலம்புவார். கடையில் வாய்க்கும் தையல். சனிக்கிழமை சாப்பாடு கொண்டுபோன நான் "து"வை உரித்தேன். மிச்சமிருந்த ஒட்டெழுத்துத் தாளில் ஒரு "தா" சிரித்தது. ஒட்டிவிட்டேன்.

அஞ்சே நிமிஷம். பார்சல் கொண்டுகொடுக்கும் ஒரு அக்கா உள்ளே வந்துகொண்டே, "தண்ணீர் புகாதா" என்று கண்ணாடியைச் சத்தமாகப் படித்தார். திரும்பி நின்று துணி மடித்துக்கொண்டிருந்த அப்பா, தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். "புகும்மா. அரை மணி நேர மழைக்கே தோள் நனைஞ்சிடும். நாள் பூரா வண்டியில போறவங்களுக்கு ஆகாது, அந்தப் பழைய மாடலை எடுத்துக்கோங்க."

கல்லாவில் முதலாளி!

அந்த அக்கா பழைய மாடலில் ரெண்டு வாங்கிப் போனதும் முதலாளி அப்பாவை உள்ளே கூப்பிட்டார். நான் கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன். உன் படிப்புச் செலவு, வீட்டு வாடகை எல்லாம் அந்த ஒரு எழுத்தில் தொங்கியது. அப்பா வேலையைக் கோட்டை விட்டார் என்றே நினைத்தேன்.

உள்ளே கேட்டது இதுதான்: "நனைஞ்சுபோய் வந்து தினம் பத்துப் பேர் என்னைத் திட்டறான். இதை முதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்னய்யா?" சரக்கு கம்பெனிக்கே திரும்பிப் போகிறது. அப்பா கோட்டை மட்டும்தான் விட்டார். அப்பாடா!

அன்றிலிருந்து அந்த இந்திப் பாட்டைத் தப்புத் தப்பாகப் பாடுகிறார். "அந்தப் பொண்ணு நேரா கேட்டுட்டா, பொய் சொல்ல வாய் வரல" என்று பெருமை வேறு. யாரும் கேட்கவேயில்லை அண்ணா.

அப்பா உண்மையைச் சொல்லிவிட்டார். நான்தான் இன்னும் சொல்லவில்லை. நீ பக்கத்தில் நின்றால் சொல்லிவிடுவேன். இந்த லீவையும் கோட்டை விட்டுவிடாதே.

அன்புக்கு உரித்தான, எழுத்தையும் உரித்த,
உன் தங்கை