இரண்டு விருந்தாளிகளுக்கு ஒரே குதிரை

மார்ச் 11
வெளியே பனி, உள்ளே ஹீட்டர் வேலைநிறுத்தம். அலுவலகத்தில் எல்லாரும் கோட்டோடு உட்கார்ந்து தேநீர் குடித்தே நாளை ஓட்டினோம். வடக்கு நாட்டிலிருந்து பாதுகாப்புக் குழு வருகிறதாம். நம் எல்லையை யாரோ சுருட்டி எடுத்துக்கொண்டு போகப் போகிறார்களாம், இவர்கள் வந்து காப்பாற்றுவார்களாம். போன வருஷமும் காப்பாற்றினார்கள். நாற்பது ஆட்டை அறுத்தோம்.

விருந்தினர் வரவேற்பு என் பொறுப்பு என்பதால் மாவட்டத் தலைவர் சகின்பாய் அண்ணன் கூப்பிட்டு விட்டார். தலைமை விருந்தாளிக்குக் குதிரை கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும், அது நம் வழக்கம்.

"அனார்கான், உன் வீட்டுக்காரன்கிட்ட ஒரு செம்பழுப்புக் குதிரை இருக்குல்ல?"

"அண்ணே, தோரு அவரோட உசிரு."

"உசிரு எங்கம்மா போகப்போவுது? விமானத்துல குதிரையை ஏத்துவாங்களா? 'நீங்களே வச்சுப் பாத்துக்கங்க'ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. இதுவரைக்கும் எவனாவது ஓட்டிக்கிட்டுப் போயிருக்கானா?" பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாக: "சரித்தூஸ் மேய்ச்சல் குத்தகை இந்த வருஷம் புதுப்பிக்கணும்ல? என் மேசைலதான் கெடக்கு."

சரித்தூஸ் இல்லாவிட்டால் ஜூன் மாதம் எங்கள் ஆடுகள் எதைத் தின்னும்? அலுவலகச் சுவரொட்டியையா?

வீட்டில் என் வீட்டுக்காரர் கெனெஷிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்தார். "என்னையே குடுத்துடேன், போட்டோவுக்கு நல்லாருப்பேன்" என்றார்.

மார்ச் 14
முடிந்தது. வடக்கு விருந்தாளி நல்ல கனத்த ஆள். ஏறும்போது தோருவின் முதுகு ஒரு சாண் இறங்கியதை நானே பார்த்தேன். கெனெஷ் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் இருக்கும் வெள்ளைப் பொட்டைத் தடவி, "இவன் பேரு இனிமே நட்பு" என்றார் விருந்தாளி. கைதட்டினோம். பிறகு பாதுகாப்பு பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அவர் பேசி முடித்தபோது எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தைரியமும் போய்விட்டது. கடைசியில் அண்ணன் சொன்னபடியே, "நீங்களே பாத்துக்கங்க."

மார்ச் 15
தோரு லாயத்தில். திருடன் கையிலிருந்து மீட்டு வந்ததுபோல் கெனெஷ் பல்லையெல்லாம் எண்ணிப் பார்க்கிறார்.

ஏப்ரல் 9
குத்தகையில் இன்னும் கையெழுத்து ஆகவில்லை. ஏன் என்று இன்று தெரிந்தது. கிழக்கு நாட்டிலிருந்து முதலீட்டாளர்கள் வருகிறார்கள். சரக்கு முனையம், சாலை, வேலைவாய்ப்பு, இன்னும் என்னென்னவோ.

"அதே குதிரையாண்ணே?"

"வேற வாங்க நிதி எங்க இருக்கு?"

"ஏற்கெனவே வடக்குக்காரருக்குக் குடுத்தாச்சே!"

"குடுத்தோம். அவரு நம்மகிட்ட விட்டுட்டுப் போனாரு. இப்ப நம்மகிட்ட இருக்கா இல்லையா?"

வெளியுறவுத் துறை இவரை எப்படித் தவறவிட்டதோ! பத்திரிகையில் படம் வருமே என்று அவரே கவலைப்பட்டு, பொட்டு தெரியாமல் நெற்றியில் பூவேலைத் துணி கட்டச் சொன்னார்.

ஏப்ரல் 12
கிழக்கு விருந்தாளி மெலிந்தவர், குதிரைக்குப் பயப்படுகிறவர். ஆனால் எப்போதோ ஓநாய் கடித்துப் பிளந்த தோருவின் இடது காதை மட்டும் ஆசையாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பேர் வைத்தார்: செழிப்பு. மொழிபெயர்ப்பாளப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் இவரும் அதேதான்: நீங்களே பாத்துக்கங்க.

திரும்பி வரும்போது கெனெஷ், "நாட்டோட வெளியுறவுக் கொள்கை மொத்தமும் நம்ம லாயத்துல நின்னு புல்லு தின்னுது. அரசாங்கம் தீனிக்காவது காசு குடுக்கலாம்" என்றார். ஒரு மாதத்துக்கப்புறம் இன்றுதான் சிரித்தார் மனுஷன்.

ஏப்ரல் 30
கையெழுத்து ஆகவில்லை. "ஆகுதும்மா, ஆகுது."

மே 6
அடக் கடவுளே. இரண்டு விருந்தாளிகளும் ஒரே நாளில் வருகிறார்களாம்! தலைநகரத்திலிருந்து உத்தரவு. கூட்டு அறிவிப்பாம். இரண்டு பேரும் தனித்தனியாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்: 'என் குதிரை நலமா? பார்க்க ஆவல்.'

அண்ணன் முகத்தில் ரத்தமே இல்லை. "அனார்கான், இன்னொரு செம்பழுப்புக் குதிரை பாரு. எங்கயிருந்தாவது புடி." பக்கத்துத் தெரு தொல்கூனிடம் ஒன்று இருக்கிறது. கிழம். பொட்டும் கிடையாது. சுண்ணாம்பில் பொட்டு வைத்து அதை வடக்குக்காரருக்குக் காட்டிவிடலாம் என்கிறார் அண்ணன். வெளியே விஷயம் தெரிந்தால் முதலில் தொலைவது என் வேலை, அடுத்தது குத்தகை. அவருக்கு என்ன, இடமாற்றத்தோடு போகும்.

மே 10
படுக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்து தூறல். சுண்ணாம்புப் பொட்டு கிழக் குதிரையின் மூக்குவரை வழிந்துவிட்டது. வடக்கு விருந்தாளி அதைப் பார்த்தார். "இது நட்பு இல்லையே" என்றார். அண்ணன், "குளிருல கொஞ்சம் மாறியிருக்குங்க" என்றார். சத்தியமாக அப்படித்தான் சொன்னார்! நான் பூமிக்குள் போய்விடலாமா என்று நின்றேன். அதற்குள் அந்த ஆள் விறுவிறுவென்று கொட்டகையின் மறுபக்கம் போய்விட்டார். அங்கே கிழக்கு விருந்தாளி, தோருவின் பிளந்த காதைத் தடவிக்கொண்டு, "செழிப்பு, செழிப்பு" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார்.

வடக்குக்காரர் பூவேலைத் துணியைத் தூக்கிப் பார்த்தார். பொட்டு.

அண்ணன் மெல்ல என் பின்னால் நகர்ந்தார். தோரு மட்டும் சாவகாசமாக லத்தி போட்டது.

முதலில் சிரித்தது கிழக்குதான். பிறகு வடக்கு. தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு, "பங்கு போட்டுக்குவோமே!" என்றார்கள். அண்ணன் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். வேலை தப்பியது, குத்தகை தப்பியது. கை வலிக்க வலிக்கத் தட்டினேன்.

அந்தச் சந்தோஷத்திலேயே மேசையில் வரைபடத்தை விரித்தார்கள். பங்கு போடுகிற மனநிலை வந்துவிட்டதே! மேல்பாதியில் வடக்கின் பாதுகாப்பு நிலையம். கீழ்ப்பாதியில் கிழக்கின் சரக்கு முனையம். மறுபடி கைதட்டினோம். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தேன், எந்த இடம் என்று.

சரித்தூஸ்.

மே 11
அண்ணனிடம் போய்க் கத்தினேன். அலுவலகமே வேடிக்கை பார்த்தது, பார்க்கட்டும்.

"குதிரையைக் குடுத்தா குத்தகை தர்றேன்னு சொன்னீங்களே! ரெண்டு தடவை குடுத்தேனே!"

"மேலிடத்து முடிவும்மா. நான் என்ன பண்ண முடியும்? இது நாட்டுக்கு வளர்ச்சி."

"நாட்டுக்குச் சரி. என் ஆட்டுக்கு?"

தேநீர் ஊற்றித் தந்தார். குடிக்காமல் வந்துவிட்டேன். கெனெஷ் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 3
சரித்தூஸைச் சுற்றி வேலி வந்துவிட்டது. வழக்கமாக எல்லாரும் கூடாரத்தை மூட்டை கட்டிக்கொண்டு கோடை மேய்ச்சலுக்கு மலைக்குப் போகிற நாள். நாங்கள் ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டினோம். மேய்ச்சல் போன எல்லாரும் விற்கிற நேரத்தில் யார் நல்ல விலை தருவார்கள்?

ஜூன் 17
வேலிக்கு உள்ளே எந்தக் கால்நடைக்கும் அனுமதி இல்லை. ஒரே ஒரு விலக்கு: இரு நாட்டு விருந்தாளிகளின் கூட்டுச் சொத்தான குதிரை. புல் நல்ல புல்லாம், உள்ளேயே மேயட்டுமாம். தோருவுக்குப் படம் ஒட்டிய அனுமதி அட்டை. பொட்டு தெளிவாக விழுந்திருக்கிறது.

முதல் நாள் கெனெஷ் வேலி வாசல்வரை கூட்டிப்போனாராம். தோரு உள்ளே போயிற்று. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை நின்றிருக்கிறார்.

ஜூலை 2
அண்ணன் யாரிடமோ பேசிச் சரிசெய்தாராம், பெரிய உபகாரம். இன்று கெனெஷுக்கும் அட்டை வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'குதிரையுடன் வருபவர்.' குதிரை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

சாப்பிட்டுவிட்டு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோருவோடு கிளம்பினார். அவருடைய அப்பாவும் ஆடு மேய்த்த இடம். மத்தியானத்துக்கு ரொட்டியும் ஒரு பாட்டில் புளித்த குதிரைப்பால் குமிஸும் கட்டிக் கொடுத்தேன்.