அவகாடோ மரத்திலிருந்து நீ விழவே இல்லை

ஃபோர்ட் போர்ட்டல்,
செப்டம்பர் 9

அன்பு மகள் அபூக்கிக்கு,

உன் அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முதுகு ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் பேரன் கட்டூராமுவும் கால்கரிக் குளிரில் சுகமாக இருக்க ஆண்டவரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். மழை இந்த முறை சீக்கிரம் பிடித்துக்கொண்டது, விதைத்த பீன்ஸ் முளைத்தும் விட்டது. உன் தம்பி வாங்கிய புது மாடு கறக்க உட்காருகிறவர்களை எல்லாம் உதைக்கிறது, அவனையும் சேர்த்து, அதனால் மாடு வைத்துக்கொண்டே பால் வெளியில் வாங்குகிறோம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கு விமானம் ஏறும் ஃபாதர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் பல் விஷயம்தான். மேல்வரிசையில் இடது பக்கம் கோரைப்பல் ஏன் முளைக்கவில்லை என்று முதல் டாக்டரிடம் போனாய், பிறவியிலேயே இல்லை, பரம்பரையாக வருவது, உன் பிள்ளைக்கும் இருக்கலாம் என்றார். அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு, அம்மா, நம்ம வீட்ல யாருக்காவது இப்படி இருக்கா, இல்ல நான் சின்ன வயசுல எங்கயாவது விழுந்து வச்சேனா என்று கேட்டாய். நான் சட்டென்று, ஆமாடி, அவகாடோ மரத்துலேர்ந்து விழுந்தே, ஆறு வயசு இருக்கும் என்றேன். நீ அதைப் போய் இரண்டாவது டாக்டரிடம் சொல்ல, அவர் அடிபட்ட பல் என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, அடிபட்டால் இப்படி ஆகாது, எலும்புக்குள் ஏதோ கட்டி இருக்கிறது, திறந்து பார்க்க வேண்டும் என்று இருபத்தொன்றாம் தேதி குறித்துவிட்டார். மூணு பேரு மூணு விதமா சொல்றாங்க, யாரை நம்பறதுன்னே தெரியலம்மா என்று போன வாரம் அழுதாய். நான், ஜெபம் பண்ணு என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். 

நீ எந்த மரத்திலிருந்தும் விழவில்லை அபூக்கி. உனக்கு ஐந்து மாதம் இருக்கும்போது நான்கு நாள் காய்ச்சலும் பேதியும் விடவில்லை, முந்தின வருஷம்தான் உன் அண்ணனைப் புதைத்திருந்தோம், அப்பா வேலையாகக் கம்பாலா போயிருந்தார். பக்கத்து வீட்டு அட்வூக்கி உன் வாயைத் திறந்து பார்த்து, இது எபீனோ, ஈறுக்குள்ள புழுப்பல் ஒளிஞ்சிருக்கு, தோண்டி எடுக்கலைன்னா பிள்ளை தங்காது, புருஷன் வரட்டும்னு உக்காந்திருக்கப் போறியா என்றாள். சந்தைக்குப் பின்னால் இருந்த ஒருத்தியிடம் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் கூராக்கிய சைக்கிள் கம்பியால் உன் ஈறைக் கீறி, வெள்ளையாக ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, பாத்தியா புழுவை என்றாள். நான் அவளுக்கு நன்றி சொன்னேன். நான்காம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவள் நான், பேதிக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலப்பது எப்படி என்று அந்த மாதம்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன், அதே கையால் உன் தலையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தத் தண்ணீரையும் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள் நீ சிரித்தாய். குணமாக்கிய பெயர் கம்பிக்குத்தான் போயிற்று, நானும் அப்படியே நம்பினேன். வளர்ந்த பிறகு நீ வாயை மூடிக்கொண்டே சிரிப்பாய், கல்யாணப் போட்டோவில்கூட. என் பெண் அவ்வளவு அடக்கம் என்று எல்லோரிடமும் பெருமை பேசியிருக்கிறேன்.

நீ அனுப்பிய எக்ஸ்ரே படத்தை நேற்று இங்குள்ள பல் டாக்டரிடம் கொண்டுபோய் என் போனில் காட்டினேன். ஒரு பார்வைதான் பார்த்தார், இவங்களுக்கு எபீனோ எடுத்தீங்களாம்மா என்று மெதுவாகக் கேட்டார். அது புழு இல்லை, பால்பல்லின் முளை, அதற்கு மேலே பின்னால் வரவேண்டிய பல்லின் முளையும் கம்பியில் சிதைந்திருக்கலாம், அந்தக் கட்டி அதுவாகத்தான் இருக்கும், இதெல்லாம் அந்த ஊர் டாக்டருக்கு யாரும் சொல்லாம எப்படிம்மா தெரியும் என்றார். வெளியே காத்திருந்தவர்கள் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். இன்று காலை அப்பாவிடம் சொன்னேன், முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து தோட்டத்துக்குப் போனவர் மத்தியானச் சோற்றுக்கும் உள்ளே வரவில்லை. நீயும் கோபப்படு, அதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. உன் டாக்டர்களை மட்டும் குறை சொல்லாதே, அவர்கள் உன்னைக் கேட்டார்கள், நீ என்னைக் கேட்டாய், பொய் சொன்னது நான். இருபத்தொன்றாம் தேதிக்கு முன்னால் அந்த மூன்றாம் டாக்டரிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு, பிறகு அவர் சொல்கிறபடி செய்.

பரம்பரை என்ற பயத்தை விடு, பேரனுக்கு எல்லாப் பல்லும் வரிசையாக வரட்டும், உன் வீட்டில் வாய் திறந்த சிரிப்பு நிறையட்டும், ஆண்டவர் உங்கள் மூவரையும் காக்கட்டும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள டிசம்பரில் வரச் சொன்னாய், இதைப் படித்த பிறகும் கூப்பிட்டால் வருகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. அவனுக்குக் காய்ச்சலும் பேதியும் வந்தால் என்னைக் கேட்காதே. இவ்வளவு தெரிந்த பிறகும் அந்த மூன்றாம் நாள் நீ சிரித்தது என் மனசை விட்டுப் போகவில்லை, பயந்துவிட்டால் என் விரல் முதலில் அவன் ஈறைத்தான் தடவிப் பார்க்கும். அவனை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு டாக்டரிடம் போய்விடு.

உன் அம்மா,
அட்யேரி