பூஜையில் வைத்த செல்போன்

திருநெல்வேலி டவுண்,
24-10-2005

சிரஞ்சீவி குமரகுருபரனுக்கு, காந்திமதி அம்மன் குங்குமம் வைத்து ஆச்சி எழுதுவது. பெங்களூரில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதைக் கட்டிக்கொள். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் தங்கை சுகிர்தா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னோடு மட்டும் பேசுவதில்லை.

பம்பாய் போனை ஏன் எடுக்கவில்லை என்று அவளைக் கடிதத்தில் திட்டினாயாம். திட்டாதே. எடுக்க விடாதவள் நான். அவள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

முந்தின நாளே சொன்னாள். நாளைக்கு அண்ணன் சொன்ன பம்பாய்க் கம்பெனியில இருந்து கூப்பிடுவாங்க, போன்லயே இங்கிலீஷ்ல கேள்வி கேட்டு வேலை குடுப்பாங்க, கும்பிட்டுக்கிடுங்க ஆச்சி என்றாள். சரி என்றேன். மறுநாள் சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கும்போது, அவள் மேஜையில் கிடந்த செல்போனையும் எடுத்து மேலே வைத்துச் சந்தனப் பொட்டு இட்டேன். இதுலதானே இங்கிலீஷ் படிக்கே, இதுவும் புஸ்தகந்தான் என்றேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. அங்கன இன்னைக்கு லீவு இல்ல ஆச்சி, எடுக்கேன் ஆச்சி என்று கெஞ்சினாள். பூசையில வச்சதை நாளைக்குத்தான் தொடணும், தொட்டா படிச்சது நிக்காது, எங்க எடு பாப்போம் என்று குறுக்கே நின்றேன். இன்னொரு தடவை அடித்து ஓய்ந்தது.

சாமிக்காக நின்றேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். உனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. தினம் ஆறு மணிக்கு நீ கூப்பிடுவாய். நீ இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொல்லுவாள், சிரிப்பாள். ஒருநாளாவது ஆச்சிகிட்ட குடு என்றாயா? அவளும் பம்பாய் போய்விட்டால் அந்தச் சிரிப்புச் சத்தமும் இந்த வீட்டில் இருக்காதே என்று வயிறு எரிந்தது. வள்ளியூர்ச் சித்தி கல்யாணப் பந்தியில் என்னை எழுப்பிவிட்டதை முப்பது வருஷமாக மனசில் வைத்திருக்கிறேன். நானே செய்த இதை எங்கே கொண்டு வைக்க?

விஜயதசமிக்குப் புத்தகங்களை எடுத்தவள் போனை எடுக்கவில்லை. பொட்டோடு அங்கேயே இருக்கிறது. எதிர்வீட்டு சித்ரலேகாவைக் கொண்டு சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன்.

பம்பாய்க்காரர்களிடம் கிழவி ஒருத்தி மறித்துவிட்டாள் என்றே சொல். இன்னொரு தடவை கேட்கச் சொல். இந்தக் கடிதம் கிடைத்த அன்று ஆறு மணிக்குக் கூப்பிடு, ராசா. நானே எடுப்பேன். அப்போதும் என்னோடு பேச வேண்டாம். சுகிர்தாவிடம் கொடு என்று மட்டும் சொல். கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள்.

ஆச்சி
பிரம்மநாயகி